சேதமான அரிய நாணயத்துக்கு விலை பார்ப்பது எப்படி

கையில் பழைய நாணயம் ஒன்று இருக்கிறது, கிடைக்காத ஆண்டு, ஆனால் முகத்தின் குறுக்கே ஒரு கீறல், அல்லது விளிம்பில் நசுங்கல், அல்லது முன்பு வைத்திருந்தவர் பளபளவென்று தேய்த்துவிட்டார். விலைப்பட்டியலில் போட்டிருக்கும் தொகை இதற்குக் கிடைக்குமா? கிடைக்காது. பட்டியல் விலை எல்லாமே பழுதில்லாத நாணயத்துக்கானது. எவ்வளவு குறையும் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், அந்தப் பழுது எப்போது வந்தது, யாரால் வந்தது என்று கண்டுபிடியுங்கள். நாணயச்சாலைக்குள்ளேயே நடந்ததா, பல கை மாறித் தேய்ந்ததா, இல்லை பிற்பாடு யாராவது கைவரிசை காட்டினார்களா? பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பள்ளத்துக்குக்கூட இந்த மூன்றிலும் விலை வேறு வேறு.

நாணயச்சாலையில் நேர்ந்ததைச் சேதமாகவே எண்ண வேண்டாம். 1794ஆம் ஆண்டு அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று 2013 ஜனவரியில் ஒரு கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. அதன் முகத்தில் அரம் போட்ட கோடுகள் இருக்கின்றன, நடுவில் ஒரு வெள்ளி ஆணி அடித்திருக்கிறது. இரண்டுமே அச்சடிக்கும் முன் எடையைச் சரிசெய்ய நாணயச்சாலைக்காரர்களே செய்த வேலை, அதனால் யாரும் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. அதே அரக்கோடுகளை அச்சடித்த பிறகு வேறொருவர் போட்டிருந்தால் கதையே வேறு. எப்படிப் பிரித்தறிவது என்றால், அச்சுக்கு முந்தைய கோடுகள் மேடான உருவங்களின் மேல் அச்சின் அழுத்தத்தில் மங்கிப் போயிருக்கும், பிந்தைய கோடுகள் உருவத்தையே வெட்டிக்கொண்டு போகும்.

ஓரம் வெட்டுப்பட்ட நாணயத்திலும் இதே குழப்பம்தான். தகடு வெட்டும்போதே ஓரம் குறைந்துபோனது என்றால் அது பிழை நாணயம், கூடுதல் விலை. பின்னால் யாரோ கத்தரித்தது என்றால் வெறும் சேதம். இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு: வெட்டு இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே விளிம்பைப் பாருங்கள். உண்மையான பிழை என்றால் அந்த இடத்து விளிம்பு பெரும்பாலும் சரியாக எழும்பாமல் மழுங்கியிருக்கும், ஏனென்றால் விளிம்பு உயர்த்தும் இயந்திரத்தில் வெட்டுப்பட்ட பக்கம் எதிர் அழுத்தம் கொடுக்கவில்லை. "அரிய பிழை நாணயம்" என்று விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பகுதி சுத்தியலும் இடுக்கியும் செய்த வேலை, அதனால் இந்தச் சோதனையைச் செய்யாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

தேய்மானம் நேர்மையான விஷயம். நாணயத்தின் நிலைக்கு எண் கொடுக்கும் ஷெல்டன் அளவுகோல் 1 முதல் 70 வரை போகிறது, எவ்வளவு தேய்ந்ததோ அதற்கேற்ப எண் இறங்கும், விலையும் இறங்கும், அவ்வளவுதான், யாருக்கும் மனவருத்தம் இல்லை. ஆனால் கீறல், துளை, தேய்த்துச் சுத்தம் செய்தது, அரிப்பு, மெருகேற்றியது இவையெல்லாம் கணிசமாக இருந்தால் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தர நிறுவனங்கள் எண்ணே போடாமல் "டீடெயில்ஸ்" என்று எழுதி, பக்கத்தில் பழுதின் பெயரையும் போட்டுக் கொடுத்துவிடும். அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் வாங்க ஆள் குறைந்துவிடும், விலை பல படி கீழே இருக்கும் தரத்தின் விலைக்கு இறங்கும்.

இதில் அதிக நாணயங்களைக் கெடுத்தது சுத்தம் செய்யும் ஆசைதான் என்பது என் கணிப்பு. புது நாணயத்தின் ஒளி வெறும் பளபளப்பு கிடையாது. அச்சு அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து வெளிப்புறமாக வழிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகளை விட்டுப் போகிறது, நாணயத்தை விளக்கடியில் சாய்த்துச் சுற்றினால் ஒளிக்கற்றை சக்கர ஆரம்போல் சுழல்வது அதனால்தான். துணி, பற்பசை, பேக்கிங் சோடா, வெள்ளி மெருகு எதை வைத்துத் தேய்த்தாலும் அந்தக் கோடுகள் போய்விடும், திரும்ப வராது. அமிலத்தில் முக்கி எடுப்பதும் மேல்படலத்தைக் கரைக்கிறது, ஒருமுறை கவனமாகச் செய்தால் தப்பலாம், திரும்பத் திரும்ப முக்கினால் செத்த மாதிரி வெளிறிப்போகும்.

கண்டுபிடிக்கும் வழி இதுதான். அறையில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு விளக்கின் கீழே, ஓரத்தைப் பிடித்து, நாணயத்தை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே சுற்றுங்கள். ஒரே திசையில் கூட்டமாக ஓடும் மயிரிழைக் கோடுகள் தெரிந்தால் துடைத்திருக்கிறார்கள். பரப்பு முழுக்க வெள்ளையாக, எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கறுப்பு தங்கியிருந்தால் அதே கதை. செம்பு நாணயம் இயல்பில்லாத இளஞ்சிவப்பாக மின்னினால் சந்தேகப்படுங்கள். ஆனால் உருவத்தின் உச்சியில் விவரம் மங்கியிருக்கிறது, ஒளி மட்டும் உடையாமல் இருக்கிறது என்றால் அது தேய்மானமே இல்லாமல் இருக்கலாம், அச்சு பலமாக விழவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் பத்து மடங்கு லென்ஸை எடுத்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள், முக்கியமாக உருவத்தின் தலைக்கு மேலே இருக்கும் பகுதியை. பதக்கமாகவோ மோதிரமாகவோ பற்றவைத்திருந்தால் ஈயத் தடமோ, அரம் போட்ட தட்டையான இடமோ அங்கேதான் அகப்படும். துளையை அடைத்து எழுத்தைத் திரும்பச் செதுக்கியிருந்தால் அந்த இடம் மட்டும் நிறம் மாறியிருக்கும், எழுத்தின் தடிமனும் பக்கத்து எழுத்தோடு ஒத்துப்போகாது. என்னைக் கேட்டால் துளையோடு இருக்கும் நாணயமே மேல், என்ன வாங்குகிறோம் என்று தெரிகிறது, அடைத்ததில் இன்னும் எதை மறைத்தார்களோ என்ற சந்தேகம் போகாது. எடையையும் போடுங்கள். மோர்கன் டாலர் என்ற பழைய அமெரிக்க வெள்ளி நாணயம் 26.73 கிராம் இருக்க வேண்டும். தேய்மானத்துக்குச் சற்றுக் குறையலாம், அதிகம் குறைந்தால் சுரண்டல் அல்லது போலி.

சேதம் எங்கே இருக்கிறது என்பதும் கணக்கு. கன்னத்திலோ வெற்றுப் பரப்பிலோ இருக்கும் கீறல் கண்ணில் குத்தும், தலைமுடி வரிகளுக்குள்ளோ பின்பக்கத்திலோ இருப்பது அவ்வளவு உறுத்தாது. பழைய கீறலின் உள்ளே சுற்றியுள்ள நிறமே படிந்திருக்கும், புதியது பளிச்சென்று இருக்கும். பழையதை வாங்குபவர்கள் ஓரளவு மன்னிக்கிறார்கள்.

இனி அருமை, அதாவது நாணயம் எவ்வளவு அரிது என்பது. ஒரே வகையில் ஆயிரக்கணக்கில் நல்ல நாணயங்கள் இருக்கும்போது பழுதானதை யார் வாங்குவார்? வெள்ளி, தங்கம் என்றால் உலோக விலை, மற்றதற்கு அதுவும் இல்லை. ஆனால் உலகில் விரல்விட்டு எண்ணுமளவே இருப்பதென்றால் பழுது இரண்டாம் பட்சம். ஜூலியஸ் சீசரைக் கொன்றதைக் கொண்டாடி புரூட்டஸ் வெளியிட்ட தங்கக் காசுகளில் ஒன்று துளையிட்டது, அதைப் பிரிட்டிஷ் மியூசியம் பல ஆண்டுகள் காட்சிக்கு வைத்திருந்தது.

சில அடையாளங்களுக்குத் தனிச் சந்தையே உண்டு. 1873 முதல் அமெரிக்கா சீன வணிகத்துக்காக அடித்த டிரேட் டாலர்களில் வணிகர்கள் வெள்ளியைச் சோதித்துக் குத்திய முத்திரைகள் இருக்கும், அந்த முத்திரைக்காகவே தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பண்டைக் காசுகளுக்கு அளவுகோலே வேறு, மண்ணிலிருந்து எடுத்ததால் கழுவியது குற்றமில்லை, உளியால் உருவத்தைக் கூர்மையாக்கியதுதான் குற்றம்.

மிருதுவான பிவிசி பிளாஸ்டிக் உறையில் வைத்ததால் பச்சைப் பிசின் படிந்திருந்தால் மட்டும் நீங்களே ஏதாவது செய்யலாம். கண்ணாடிப் பாத்திரத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றி, நெருப்பு இல்லாத, காற்றோட்டமான இடத்தில் ஊறவைத்து, எடுத்துத் தேய்க்காமல் காயவிடுங்கள். அசிட்டோன் உலோகத்தைத் தொடாது. ஆனால் பிசின் ஏற்கெனவே உலோகத்தைத் தின்றிருந்தால் அந்தக் குழி அப்படியேதான் இருக்கும். செம்பிலோ வெண்கலத்திலோ பொடியாக உதிரும் வெளிர்பச்சைப் புள்ளிகள் வேறு வகை, அது பரவும், மற்ற நாணயங்களிலிருந்து பிரித்து ஈரமில்லாத இடத்தில் வைத்துவிட்டுப் பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

விலை முடிவு செய்ய, ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் பதிவுகளில் அதே ஆண்டு, அதே நாணயச்சாலைக் குறி, அதே வகைப் பழுதோடு போன "டீடெயில்ஸ்" நாணயங்களைத் தேடுங்கள். கேட்ட விலையை விட்டுவிட்டு, விற்ற விலையை மட்டும் பாருங்கள். ஒன்றுமே அகப்படவில்லை என்றால், அந்தப் பழுதோடு பார்க்க எந்தத் தரம்போல் இருக்கிறதோ அதற்கும் கீழே உள்ள தரத்தின் விற்பனை விலையிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள். படத்தை மட்டும் பார்த்து வாங்குவதென்றால், சாய்வான ஒளியில் எடுத்த இரண்டு படங்களும் விளிம்பின் படமும் கேளுங்கள், தர மறுத்தால் வேறு நாணயம் பாருங்கள்.