கட்டிபட்ட மாவும் வெடித்த பீங்கானும்

புட்டுக்கு மா குழைக்கும்போது தண்ணீர் கொஞ்சம் கூடினாலே கட்டிபட்டுவிடும். பிறகு எவ்வளவு நேரம் அவித்தாலும் அந்தக் கட்டியின் உள்ளே மா மாவாகவே கிடக்கும். பீங்கான் செய்யும் செரமிக் தூளிலும் இதே கதைதான். ஆனால் அந்தத் தூளை அழுத்திச் சுட்ட வில்லை வெடித்து வந்தால் நாம் முதலில் குறை சொல்வது சூளையை. நானும் ஒரு மாதம் சூளையின் வெப்ப ஏற்றத்தை மாற்றி மாற்றிப் பார்த்தவன்தான்.

வெப்பத்தைக் கூட்டினால் சரியாகும் என்று நம்புவது பெரிய தவறு. சின்டரிங்கில், அதாவது தூளைச் சுட்டு இறுக்குவதில், தூள் உருகுவதில்லை. துணிக்கைகள் தொடும் இடங்களில் அணுக்கள் நகர்ந்து ஒட்ட, இடைவெளிகள் மூடுகின்றன. துளையே இல்லாத பொருளின் அடர்த்தியை நூறு என்று வைத்தால், அழுத்திய வில்லையின் அடர்த்தி 55 சதவீதத்திலிருந்து 98 சதவீதமாக வேண்டுமென்றால், நீளம் ஏறக்குறைய 17 சதவீதம் குறைய வேண்டும். எல்லா இடமும் ஒன்றாகச் சுருங்கினால் தொல்லையில்லை. கட்டி மட்டும் சுற்றத்தைவிட அதிகம் சுருங்கினால், அது விலகிப் பிறை வடிவில் ஒரு பிளவை விட்டுவிடும். சுருங்காத அந்நியத் துணுக்கு என்றால் நேரெதிர். கிழக்கிலங்கையின் புல்மோட்டை மணலில் வரும் சிர்கோன் என்ற கடினக் கனிமத்தின் மணி ஒன்று அரைபடாமல் களிமண்ணுக்குள் போய்விட்டது என்று வையுங்கள். சுற்றியுள்ள பொருள் சுருங்கப் பார்க்கும், மணி விடாது. மணியைச் சுற்றி வளையமாக இழுவிசை ஏறும், அந்த இடம் அடர்த்தியாகாது, சிலவேளை மணியிலிருந்து கதிர்போல வெடிப்பும் ஓடும். கட்டிகளுக்கு இடையே விடுபட்ட பெரிய துளைகளும் அப்படித்தான்: சூட்டைக் கூட்டினால் தூளின் துணிக்கைகள் பருக்கும், துளை மூடாது.

சிறு பிளவுதானே என்று விடவும் முடியாது. 1920இல் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் கண்ணாடியில் காட்டிய கணக்கின்படி, பிளவு நான்கு மடங்கானால் வலிமை பாதியாகும்.

அரிதட்டை நம்புவது அடுத்தது. 75 மைக்ரோமீற்றர் கண்ணுள்ள அரிதட்டில் 10 மைக்ரோமீற்றர் கட்டி சுகமாக இறங்கிவிடும். அரை மைக்ரோமீற்றர் தூளென்றால் அந்தக் கட்டிக்குள் ஆயிரக்கணக்கான துணிக்கைகள் இருக்கும். துணிக்கைகள் லேசாக ஒட்டிய மென்கட்டி அழுத்தும்போதே நொறுங்கும். இறுக ஒட்டிய வன்கட்டிக்கு, குண்டுகளோடு உருட்டி அரைக்கும் குண்டு ஆலைதான் வழி. ஆலையின் குண்டே தேய்ந்து தூளில் கலப்பதையும் கவனியுங்கள்.

வன்கட்டி பெரும்பாலும் பிறப்பது தூளை அதிக சூட்டில் வறுக்கும்போதும் காயவைக்கும்போதும். நீர் வற்றும்போது கடைசிப் படலம் துணிக்கைகளை இழுத்து நெருக்கும். கச்சான் காற்றில் ஒரு பகலிலேயே தட்டு காய்ந்துவிடும் என்று மகிழ வேண்டாம். கரையோரக் கிணற்று நீரென்றால் அதிலுள்ள உப்பு காய்ந்து துணிக்கைகளுக்கிடையே பாலம் கட்டும். காய்ச்சி வடித்த நீரைப் பாவியுங்கள். கடைசியாக எதனோலில் ஒருமுறை கழுவினால் கட்டி குறையும். அலுமினாவை (அலுமினிய ஒக்சைட்டுத் தூள்) நீரில் கலக்கும்போது, அமிலத்தன்மையைக் காட்டும் பீஎச் 4 அளவில் இருந்தால் துணிக்கைகள் மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளும். 9ஐ நெருங்கினால் அந்த மின்னேற்றம் போய்த் திரண்டுவிடும்.

களிமண் வேலை செய்பவர்களுக்கு எங்கள் கரையில் இன்னொரு வினை உண்டு: சிப்பி, முருகைக்கல் துணுக்கு. 900 பாகை செல்சியஸ் அளவில் அது நீறாத சுண்ணாம்பாகும். சூளையிலிருந்து சட்டி வடிவாகத்தான் வரும். மாரி ஈரத்தில் அந்தச் சுண்ணாம்பு நீறிப் பருத்து, மேற்பரப்பைச் சில்லாகத் தெறிக்க வைக்கும். பள்ளத்தின் அடியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் சூளையை விட்டுவிட்டு, மண் அள்ளிய இடத்தைப் போய்ப் பாருங்கள்.