மிச்சமான பெயிண்டை இப்படித்தான் தீர்த்தேன்

பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து முடித்தபோது நாலு டப்பா மிச்சம். பெயிண்டர் அண்ணன் "சாக்கடையில ஊத்திடுங்க சார்" என்றார், எனக்கு மனசு வரவில்லை, எங்கள் தெருச் சாக்கடை நேராக ஏரிக்குத்தான் போகிறது.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து சுவருக்கு அடிக்கும் பெயிண்ட், இரண்டு டப்பாவில் மேலே ஆடை கட்டியிருந்தது, அதை எடுத்துவிட்டுக் குச்சியால் அடிவரை கலக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டியதும் நன்றாகவே இருந்தது. மொட்டைமாடி கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் முழுக்க அதிலேயே முடிந்துவிட்டது! மூன்றாவது டப்பாவும் எமல்ஷன்தான், ஆனால் புளித்த நாற்றம், உள்ளே திரிதிரியாக இருந்தது. அதில் மரத்தூளைக் கொட்டிக் கிளறி, குழந்தைகள் கை எட்டாத இடத்தில் மூடாமல் வைத்தேன், சில நாளில் இறுகிவிட்டது.

நாலாவது டப்பா எனாமல், அதாவது தின்னர் என்ற கரைப்பான் கலந்து அடிக்கும் எண்ணெய் பெயிண்ட். அதற்கு இது சரிப்படாது. தின்னர் ஆவி தலையை வலிக்கச் செய்யும், தீயும் பிடிக்கும். 2016 திடக்கழிவு விதிகளிலேயே பெயிண்ட் டப்பாவை வீட்டு அபாயக் கழிவில்தான் சேர்த்திருந்தார்கள், அதனால் இறுக மூடி, 'எனாமல்' என்று எழுதி, குப்பை வண்டி அக்காவிடம் சொல்லித் தனியாகக் கொடுத்தேன்.

அப்புறம், பிரஷ் கழுவிய தின்னரையும் கொட்டாதீர்கள். கண்ணாடி பாட்டிலில் மூடி வைத்தால் கசடு அடியில் தங்கும், மேலே தெளிந்ததை அடுத்த முறை பிரஷ் கழுவ எடுத்துக்கொள்ளலாம்.