ஒகயாமாவில் ஒரு நாள் இறங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானில் ஒசாகாவுக்கும் ஹிரோஷிமாவுக்கும் நடுவே ஒகயாமாவில் நொசோமி என்ற அதிவேக ரயில் சற்றே நின்று கிளம்பிவிடும். ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். தனியாகப் போகிறவர் ஓர் இரவு தங்குவதற்கு இது அருமையான ஊர். கோட்டையும் கொராகுஎன் தோட்டமும் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில்தான். ஆனால் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் பணத்தையும் நேரத்தையும் விடுகிறார்கள். பாஸ்போர்ட், சார்ஜர் கதையெல்லாம் இங்கே வேண்டாம்.

இறங்கி ஏறும் டிக்கெட்டைக் கேட்டு வாங்காதது

இதுதான் மிகவும் எரிச்சலூட்டுவது. கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தச் செலவே வந்திருக்காது.

ஷிங்கான்சென் என்னும் அதிவேக ரயில் பயணத்துக்கு உண்மையில் இரண்டு டிக்கெட்டுகள். தூரத்துக்கான அடிப்படைக் கட்டணம் ஜோஷாகென். வேக ரயிலுக்கான கூடுதல் கட்டணம் தொக்யூகென். 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஜோஷாகென் இருந்தால் பொதுவாக வழியில் இறங்கி, வெளியே போய், பிறகு அதே திசையில் பயணத்தைத் தொடரலாம். இதற்குப் பெயர் தோச்சூ கெஷா. தொக்யூகெனுக்கு இந்தச் சலுகை கிடையாது. கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் அதன் ஆயுள் முடிந்தது.

தோக்கியோ–ஹிரோஷிமா 894.2 கிலோமீட்டர், ஜோஷாகென் 11,880 யென், 6 நாள் செல்லும். ஒகயாமாவில் வெட்டி இரண்டாக வாங்கினால் 10,670 யெனும் 3,080 யெனும் சேர்ந்து 13,750. அதே ரயில், அதே தண்டவாளம், 1,870 யென் வீண்.

இதைவிட மோசமான இன்னொரு வழி உண்டு. ஷிங்கான்சென் டிக்கெட் வாங்கும் ஸ்மார்ட் ஈஎக்ஸ் செயலியில் ஹிரோஷிமா வரை ஒரே டிக்கெட்டாக வாங்கிவிட்டு, இடையில் ஒகயாமாவில் இறங்குவது. அதில் இரண்டு கட்டணமும் ஒன்றாகப் பிணைந்திருப்பதால், வெளியே வந்தால் மீதிப் பயணம் போயிற்று. அடுத்த நாள் ஹிரோஷிமாவுக்குப் புது டிக்கெட் முழு விலையில் எடுக்க வேண்டும். செயலியின் முன்பதிவுத் தள்ளுபடி மலிவாகத் தெரிந்தால் வாங்குங்கள், தவறில்லை. ஆனால் ஒகயாமா வரை ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று தொடக்கத்திலேயே பிரித்து வாங்குங்கள்.

கவுண்டரில் பேச்சு வராவிட்டால் தாளில் மூன்று வரி எழுதிக் காட்டலாம்: தோக்கியோ–ஹிரோஷிமா ஜோஷாகென்; தோக்கியோ–ஒகயாமா தொக்யூகென், தேதியோடு; ஒகயாமா–ஹிரோஷிமா தொக்யூகென், தேதியோடு. ஒகயாமா கேட்டில் ஜோஷாகெனையும் தொக்யூகெனையும் சேர்த்தே செருகுங்கள். தொக்யூகெனை இயந்திரம் வைத்துக்கொள்ளும், ஜோஷாகென் மறுபக்கம் வெளியே வரும். அவசரத்தில் அதை எடுக்காமல் போகிறவர்களும் இருக்கிறார்கள்! கதவு மூடிக்கொண்டால் ஊழியர் நிற்கும் வழிக்குப் போய் "தோச்சூ கெஷா" என்று சொன்னால் போதும்.

ஐசி கார்டை, அதாவது பணம் ஏற்றிய அட்டையை, கேட்டில் தட்டிப் போகும் பயணத்துக்கு இது பொருந்தாது. ஒசாகாவிலிருந்து கிளம்பினால் மிச்சமாவது சில நூறு யென்தான். ஆனாலும் விதி அதேதான்.

இந்த ஒரு வழிக்கு ரயில் பாஸ்

நாடு முழுவதற்குமான 7 நாள் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யெனிலிருந்து 50,000 ஆனது. தோக்கியோவிலிருந்து ஹிரோஷிமா போய்த் திரும்பினாலும் அந்தத் தொகை வராது. போதாததற்கு நொசோமியில் ஏறத் தனிக் கட்டணம். பழைய பயணக் கட்டுரைகளைப் படித்துவிட்டு இதை வாங்காதீர்கள்.

பெரிய பெட்டி

ஷிங்கான்செனில், நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு அதற்கான இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் 1,000 யென். நிலையத்தில் பெரிய லாக்கர்கள் குறைவு, காலையிலேயே நிறைந்துவிடும். தங்கும் விடுதியில் பெட்டியை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அறை தயாராகாவிட்டாலும் பெரும்பாலும் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

முதலில் கோட்டை, பிறகு தோட்டம்

வரிசையை மாற்றுங்கள். 1700-இல் முடிக்கப்பட்ட கொராகுஎன், ஜப்பானின் மூன்று பெருந்தோட்டங்களில் ஒன்று. மார்ச் 20 முதல் செப்டம்பர் வரை காலை 7:30-க்கும், மற்ற மாதங்களில் 8 மணிக்கும் திறக்கும். கோட்டை திறப்பது 9 மணிக்கு. குளிர்காலத்தில் தோட்டம் மாலை 5 மணிக்கே மூடிவிடும் என்பதால், மதியம் கோட்டைக்குள் நின்றுவிட்டவர்கள் ஓட்டமாக ஓடித் தோட்டத்தைப் பார்க்கிறார்கள். கருநிறக் கோட்டையின் பிரதான கோபுரம் 1945 குண்டுவீச்சில் எரிந்து, 1966-இல் கான்கிரீட்டில் மறுபடி கட்டப்பட்டது. உள்ளே பழைய மரவேலையைத் தேடினால் ஏமாற்றம்தான். அதன் அழகு வெளியே, ஆற்றுக்கு அப்பாலிருந்து பார்க்கையில். தோட்டத்தை முடித்துவிட்டுத் த்சுகிமி பாலம் வழியாக நடந்தால் நேரே கோட்டையில் விடும்.

தவறான டிராம்

நிலையத்திலிருந்து தோட்டத்துக்கு டிராமில் போவதானால் ஹிகாஷியாமா என்று போட்ட வண்டியில் ஏறி ஷிரோஷிதாவில் இறங்குங்கள். செய்கிபாஷி வண்டி யானகாவாவிலேயே தெற்கே திரும்பிவிடும்.

திங்கட்கிழமை

பக்கத்து ஊரான குராஷிகியின் ஓஹாரா கலைக்கூடம் மட்டுமல்ல, பல அருங்காட்சியகங்களும் மூடியிருக்கும். திங்கள் அரசு விடுமுறையானால் பெரும்பாலும் மறுநாள் மூடுவார்கள்.

நவோஷிமா தீவை அரை நாளில் திணிப்பது

வேண்டாம்.

"காய்கறி உடோன்" என்று நம்புவது

சைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். உடோன் என்பது தடித்த கோதுமை நூடுல்ஸ். மேலே காய்கறி இருந்தாலும் அடியில் இருக்கும் தாஷிச் சாறு பெரும்பாலும் காயவைத்த கட்சுவோ மீன் சீவலில் வடித்தது. "மீன், இறைச்சி, மீன் தாஷி சாப்பிட மாட்டேன்" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டைக் கையில் வைத்திருங்கள். "சைவம்" என்று மட்டும் சொன்னால் தாஷி அதில் அடங்காது. மதிய உணவுக் கடைகள் பல 2 மணிக்குப் பிறகு மூடி மாலையில்தான் திறக்கும். கொம்பு, அதாவது கடற்பாசியில் வடித்த தாஷி சைவம்தான், ஆகவே "கொம்பு மட்டும்தானா?" என்று கேட்பதே சரியான கேள்வி.