பாசத்தால் வரும் சேதம்: குடியேறிகளின் வம்சாவளி தேடும்போதும் பழைய கல்லறையைச் சீரமைக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கிராமப்புறங்களில், சோளக்காட்டின் நடுவிலோ மரக்கூட்டத்துக்குள்ளோ, பத்துப் பதினைந்து கற்கள் சாய்ந்து கிடக்கும் சின்னச் சின்னக் கல்லறைத் தோட்டங்கள் ஏராளம். மேற்கு நோக்கி வண்டி கட்டிப் போய், காடு வெட்டி நிலம் திருத்திய முன்னோடிக் குடும்பங்கள் தங்கள் மனிதர்களைத் தங்கள் நிலத்திலேயே புதைத்தார்கள். பிறகு நிலம் கைமாறியது, பிள்ளைகள் திசைக்கொருவராகப் போனார்கள், புதர் மண்டியது. இப்போது கொள்ளுப்பேரன், எள்ளுப்பேத்திகள் வம்சாவளி தேடிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் நூற்றைம்பது வருட மழையும் பனியும் செய்யாத சேதத்தை ஒரே மதியத்தில் செய்துவிடக் கூடியவர்களும் இவர்கள்தான்.

குடும்ப மரத்தில் தப்பாக எழுதியதை அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். கல்லில் செய்த தப்பை அப்படி அழிக்க முடியாது. நடக்கிற கோளாறுகளில் பாதி, வேலையைத் தலைகீழ் வரிசையில் செய்வதால் வருகிறது. முதல் நாளே சுத்தம், அப்புறம் போட்டோ, கடைசியில் ஆவணம் என்று போகிறார்கள். ஆவணம் முதலில் வர வேண்டும்.

கல் சொல்வதையெல்லாம் நம்புவது

கல்லில் வெட்டியிருக்கிறதே, அதைவிடச் சாட்சி என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்தக் கல் எப்போது நடப்பட்டது என்று யோசிப்பதில்லை. 1840-களில் இறந்தவருக்கு, குடும்பம் கொஞ்சம் வசதியான பிறகு, பேரன்கள் 1880-களில் கல் வைப்பது சாதாரணம். அவர்களுக்குத் தாத்தாவின் பிறந்த வருடம் செவிவழிச் செய்தி மட்டுமே. அமெரிக்க உள்நாட்டுப் போரில் யூனியன் தரப்பில், அதாவது வட மாநிலங்களின் பக்கம், போரிட்டவர்களுக்குத் தனியார் கல்லறைகளிலும் அரசே கல் கொடுக்கலாம் என்று 1879-இல் சட்டம் வந்தது. அந்தக் கற்களில் பல, இறந்து வெகுகாலம் கழித்து வைக்கப்பட்டவை. கல் இருந்தால் கீழே உடல் இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. வேறு ஊரில் புதைக்கப்பட்டவரின் பெயரையும் மனைவியின் கல்லில் சேர்த்து வெட்டுவது உண்டு.

தேய்ந்த எழுத்தை வாசிப்பது தனிக் கலை. ஒரு பளிங்குக் கல்லில் இறந்த தேதி மார்ச் 3 என்பது தெளிவாக இருக்கிறது, வருடம் மட்டும் 1851-ஆ 1857-ஆ என்று குழப்பம் என்று வைத்துக்கொள்வோம். கீழே, அந்தக் கால வழக்கப்படி, வயது 27 வருடம் 5 மாதம் 14 நாள் என்று இருக்கிறது. 1851 என்றால் பிறந்த தேதி 1823 செப்டம்பர் 19. 1857 என்றால் 1829 செப்டம்பர் 19. இனி 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்க்க வேண்டும். அதில் வயதைச் சொல்ல வேண்டிய நாள் 1850 ஜூன் 1. முதல் கணக்குப்படி அவருக்கு அப்போது 26, இரண்டாவதின்படி 20. பட்டியலில் 26 என்றோ அதற்கு ஒன்றிரண்டு முன்பின்னாகவோ இருந்தால் விஷயம் முடிந்தது. அந்தக் கால வயதுக் கணக்கில் ஒன்றிரண்டு வருடம் பிசகுவது சகஜம், ஆறு வருடம் பிசகுவது அபூர்வம். கல்லைச் சுரண்டாமலே வருடம் கிடைத்துவிட்டது.

எழுத்து தெரியவில்லையா? ஷேவிங் கிரீம், மாவு, சாக்பீஸ் எதையும் பூச வேண்டாம். இணையத்தில் இன்னமும் இந்த யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. கிரீமில் உள்ள அமிலமும் கொழுப்பும் கல்லின் நுண்துளைக்குள் இறங்கும், எவ்வளவு கழுவினாலும் முழுசாக வெளியே வராது. ஒரு நிலைக்கண்ணாடியை எடுத்துப் போய், வெயிலைக் கல்லின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழ வைத்தால் போதும். குழிவான எழுத்துக்குள் நிழல் விழும், பெயர் தானே எழுந்து வரும். காகிதம் வைத்துத் தேய்த்துப் படியெடுப்பதும் உரியும் நிலையில் இருக்கும் கல்லுக்கு ஆபத்து. சில இடங்களில் அதற்குத் தடையே உண்டு.

காகிதத்தில் நடக்கும் தவறுகள்

முதல் தவறு, இணையத்தில் இருக்கும் குடும்ப மரங்களை எண்ணிப் பார்த்து முடிவெடுப்பது. நாற்பது மரங்களில் ஒரே தாய் பெயர் இருக்கிறது என்றால் நாற்பது சாட்சி என்று அர்த்தமில்லை. ஒருவர் எழுதியதை முப்பத்தொன்பது பேர் நகலெடுத்திருக்கலாம். கல்லறை விவரங்களைத் தொகுக்கும் 'ஃபைண்ட் எ கிரேவ்' இணையதளத்தில் ஒருவருக்குப் பக்கம் இருப்பதாலேயே அங்கே கல் இருக்கிறது என்றும் ஆகாது. கல்லின் படம் இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பக் கதைகளும் அப்படித்தான். 'மூன்று சகோதரர்கள் கப்பலில் வந்து ஆளுக்கொரு திசையில் போனார்கள்', 'பாட்டி ஒரு செரோக்கி (அமெரிக்கப் பூர்வகுடி) இளவரசி' ஆகிய இரண்டும் எத்தனையோ குடும்பங்களில் ஒரே மாதிரி சொல்லப்படுகின்றன. கேட்டால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மரத்தில் ஏற்றாதீர்கள்.

கணக்கெடுப்பைப் படிப்பதிலும் பொறிகள் உண்டு. 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. அடிமைகள் அல்லாத எல்லோர் பெயரும் வருவது 1850-இல். ஆனால் தலைவருக்கு என்ன உறவு என்ற கேள்வி 1880-இல்தான் சேர்ந்தது. ஆக, 1850-இலும் 1860-இலும் ஒரு வீட்டில் ஒரே குடும்பப் பெயரில் இருக்கும் பெண் மனைவி என்றும், சிறுவர்கள் எல்லாம் அவள் பிள்ளைகள் என்றும் எடுத்துக்கொள்வது அவசரம். பிரசவத்தில் பெண்கள் இறப்பது அதிகமாக இருந்த காலம், இரண்டாம் தாரம் சர்வசாதாரணம். மூத்த பிள்ளைக்கும் 'தாய்க்கும்' பன்னிரண்டு வயதுதான் வித்தியாசம் என்றால், கல்லறையில் அந்த ஆளின் இன்னொரு பக்கம் யார் படுத்திருக்கிறார் என்று போய்ப் பாருங்கள்.

1890 கணக்கெடுப்பைத் தேடி அலுத்துப் போகிறவர்களும் உண்டு. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் பிடித்த தீயில் அதன் பெரும்பகுதி பாழாகி, மிஞ்சியதில் பெரும்பகுதியைப் பிற்பாடு அரசே அழித்துவிட்டது. 1881-இல் பிறந்து 1899-இல் திருமணமாகிப் போன மகள் பெற்றோர் வீட்டுப் பட்டியல் எதிலுமே இருக்க மாட்டாள். அதனால் அவள் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடாது. அயோவா, கான்சஸ், நெப்ராஸ்கா, மினசோட்டா போன்ற இடங்களில் 1885-இல் தனிக் கணக்கெடுப்பு நடந்தது. அங்கே தேடலாம்.

பெயர் ஒன்றாக இருப்பது இன்னொரு சிக்கல். 'ஜூனியர்' என்று பார்த்ததும் மகன் என்று எழுதிவிடுகிறார்கள். பழைய ஆவணங்களில் ஊரில் அதே பெயருள்ள இருவரில் இளையவர் என்றே அதற்குப் பொருள் இருக்கலாம். அவர் சித்தப்பா மகனாக இருக்கலாம், சொந்தமே இல்லாதவராகவும் இருக்கலாம். இருவரையும் பிரித்துக் காட்டுவது அவர்களின் நிலமும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், உயிலை நிறைவேற்றியவர், அடுத்த பண்ணைக்காரர் என்று சுற்றியிருப்பவர்களைப் பிடித்துப் போனால் உங்கள் ஆள் கிடைப்பார். குடியேறிகள் பெரும்பாலும் தனியாகப் போனதில்லை. மச்சினன், மாமனார், அதே தேவாலயத்து ஆட்கள் என்று கூட்டமாகத்தான் நகர்ந்தார்கள்.

குடியேறிகளுக்கு அரசு நிலம் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தின் கீழ் 160 ஏக்கர் வரை நிலம் வாங்கியவர் உங்கள் முன்னோர் என்றால், இணையத்தில் கிடைக்கும் பட்டாவின் படத்தோடு நின்றுவிடாதீர்கள். அது ஒற்றைத் தாள். உண்மையான புதையல் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் விண்ணப்பக் கோப்பு. எப்போது குடிவந்தார், வீடு எவ்வளவு பெரியது, எத்தனை ஏக்கர் உழுதார், குடும்பத்தில் எத்தனை பேர் என்று பக்கத்துக்காரர்களின் சாட்சியோடு அதில் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் குடியுரிமை ஆவணமும் சேர்ந்திருக்கலாம். எல்லைகளையும் மறக்கக் கூடாது. கவுண்டிகள், அதாவது மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவுகள், பிரிந்துகொண்டே இருந்தன. கென்டக்கி 1792 வரை வர்ஜீனியாவின் பகுதி, மேற்கு வர்ஜீனியா 1863-இல் பிரிந்தது. குடும்பம் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும், பத்திரம் பழைய தாய்க் கவுண்டியின் நீதிமன்றத்தில் இருக்கும்.

நிலத்தில் கால் வைக்கும் முன்

முன்னோர் கல்லறை என்பதால் நுழையும் உரிமை தானாக வந்துவிடுகிறது என்று நினைப்பது தவறு. வர்ஜீனியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் தனியார் நிலத்துக்குள் இருக்கும் கல்லறையைப் பார்க்கச் செல்ல சட்டம் வழி விடுகிறது. ஆனால் பார்ப்பது வேறு, கல்லை எடுத்து நடுவது வேறு. மாநிலச் சட்டத்தைப் பார்த்து, நில உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, மற்ற வாரிசுகளுக்கும் தகவல் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சவக்குழியைத் தோண்டுவது வேறு ரகக் குற்றம், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அப்புறம், புதரை வெட்டும் வெறி. முதல் நாளே இயந்திரத்தோடு இறங்கி, 'வெறும் கல்' என்று ஓரமாகக் குவித்துவிடுகிறார்கள். எழுத்தே இல்லாத முண்டுக்கல் பல இடங்களில் தலைமாட்டுக் கல்தான். வெட்டிக் கொடுக்க ஆளும் பணமும் இல்லாத குடும்பம் வயலில் கிடைத்த கல்லை நட்டிருக்கும். ஆறடி தள்ளிச் சின்னதாக இன்னொன்று இருந்தால் அது கால்மாட்டுக் கல். கிறிஸ்தவ வழக்கத்தில் கால் கிழக்கே இருக்கும்படி வைப்பார்கள் என்பதால், திசையைப் பார்த்தாலே பாதி புரியும். காட்டுக்குள் திடீரென்று தரையெல்லாம் வின்கா கொடி படர்ந்திருக்கிறதா, நடுவே யூக்காவும் ஐரிஸும் நிற்கின்றனவா, யாரோ கைப்பட நட்டவை அவை. களை என்று பிடுங்கினால் கல்லறையின் எல்லையே காணாமல் போகும். மரம் விழும் நிலையில் இருந்தால் தரைமட்டத்துக்கு அறுக்கலாம், வேரோடு பிடுங்கக் கூடாது. வளைந்த கம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து சவக்குழி கண்டுபிடிப்பவர்களும் வருவார்கள். அந்தக் கம்பி காட்டும் இடத்தை நம்பி வரைபடம் போடாதீர்கள். தரைக்குள் ஊடுருவும் ரேடார் வைத்திருக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது வேலி போடும் விஷயம். தென் மாநிலங்களில், அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தின் கல்லறைக்குப் பக்கத்திலேயே எழுத்தில்லாத கற்களும் நீளவாக்கில் பள்ளங்களும் இருக்கும். அவை அந்தப் பண்ணையில் உழைத்தவர்களின் குழிகளாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். பெயர் வெட்டிய கற்களை மட்டும் சுற்றி அழகான வேலி போட்டுவிட்டால், வெளியே இருப்பவர்கள் இரண்டாவது முறையாக விடுபட்டுப் போவார்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயர்தான் இருக்கும். அடிமைகளுக்கு வயதும் பாலினமும் நிறமும், அவ்வளவே, பெயர் அபூர்வம். விடுதலை பெற்றவர்கள் அனைவரும் பெயரோடு வருவது 1870 கணக்கெடுப்பில். ஆனால் அதற்கு முந்தைய பெயர்கள் உங்கள் கையிலேயே இருக்கலாம். முன்னோரின் உயிலிலும் சொத்துப் பட்டியலிலும் அவர்களைப் பெயர் சொல்லிப் பங்கு பிரித்திருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகாமல் நகலெடுத்து, அவர்களின் வாரிசுகளைத் தேடிக் கொடுத்து, வேலி எங்கே என்பதை அவர்களையும் வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

கல்லைத் தொடும்போது

பழைய கற்களில் நிறையப் பளிங்கு. அது சுண்ணாம்புச் சத்து. வினிகர் மாதிரி எந்த அமிலம் பட்டாலும் கரையும். ப்ளீச் ஊற்றினால் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். ஆனால் அதன் உப்பு உள்ளே இறங்கிப் படிகமாகி, மேற்பரப்பை உள்ளிருந்து வெடித்துத் தள்ளும். பிரஷர் வாஷர், கம்பி பிரஷ் இரண்டும் எழுத்தையே வழித்துவிடும். வேண்டியது நிறைய நல்ல தண்ணீர், மெத்தென்ற நைலான் பிரஷ், மரக் குச்சி. முதலில் கல்லை நன்றாக நனைத்து, கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த பகுதியில் கோடு போடும். பாசியும், கல்லில் பற்றி வளரும் லைக்கனும் விடவில்லை என்றால் டி/2 போன்ற கல்லுக்கென்றே தயாரித்த திரவம் இருக்கிறது. விரல் பட்டதும் சர்க்கரை போல மணல்மணலாக உதிரும் கல்லையும், தட்டினால் பொக்கென்று ஒலிக்கும் கல்லையும் தண்ணீரால்கூடத் தொடாதீர்கள், படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். உறைபனிக் காலத்திலும் கழுவ வேண்டாம்.

சாய்ந்த கல்லை நிமிர்த்த கான்கிரீட் ஊற்றுவது மிகப் பரவலான தவறு. கான்கிரீட் பளிங்கைவிடக் கடினம், ஈரத்தையும் வெளியே விடாது. சில குளிர்காலம் போனதும் கல் சரியாகத் தரைமட்டத்தில் முறியும். தூக்கிவிட்டு, சரளையும் மணலும் இறுக்கி நடுவதே முறை. நாலடி உயரம், இரண்டடி அகலம், மூன்று அங்குலக் கனமுள்ள பளிங்குப் பலகை சுமார் 150 கிலோ இருக்கும். தனியாளாக நிமிர்த்தப் போகக் கூடாது. உடைந்ததை ஒட்டுவதும் அனுபவசாலிகளின் வேலை. புல் வெட்ட வசதியாக இருக்கட்டும் என்று கற்களையெல்லாம் பிடுங்கி நேர்வரிசையில் நட்டுவிடுபவர்களும் உண்டு. அன்றோடு யார் எங்கே என்ற கேள்விக்குப் பதில் போய்விடும். புல் வெட்டும் நைலான் நூல் கல்லின் அடியைக் கொத்தும், களைக்கொல்லியின் உப்பு கல்லுக்குள் ஏறும். கல்லையொட்டி கையால்தான் வெட்ட வேண்டும்.

புதிய பெயர்ப்பலகை வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சந்தேகமான தேதியையும் ஊகித்த உறவையும் அதில் ஏற்றினால், ஐம்பது வருடம் கழித்து வருபவர் அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்வார். உறுதியான பெயர்களை மட்டும் போடுங்கள். பலகை வைத்த வருடத்தையும் வைத்தவர்களையும் அதிலேயே குறியுங்கள். பழைய கல்லை அகற்றாமல் இருந்த இடத்திலேயே விடுங்கள். வரைபடம், சுத்தம் செய்யும் முன் எடுத்த படங்கள், உயில் நகல்கள் எல்லாவற்றையும் ஒரு பிரதி கவுண்டி வரலாற்றுச் சங்கத்திலும் இன்னொன்று உள்ளூர் நூலகத்திலும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.