ஸ்கோப்புக்குள்ள ஆவி புடிச்ச கதை

டெக்ஸாஸ்ல நவம்பர் மான் வேட்டை சீசனுக்கு முன்னாடி ரைஃபிள எடுத்துட்டு சுட்டுப் பழகற ரேஞ்சுக்குப் போனா, குறி பாக்க மேல மாட்டற ஸ்கோப்ல ஒரே மங்கல். வெளிய தொடைச்சும் போகல, உள்பக்கம் ஆவி படிஞ்சிருக்கு. உள்ள நைட்ரஜன் அடைச்சு சீல் பண்ணிருப்பாங்க, ஓ-ரிங்னு ஒரு ரப்பர் வளையம், அது போனா ஈரம் ஏறிடும். ஸ்கோப்ப கழட்டிப் பாருன்னு எவனாச்சும் சொன்னா கேக்காதீங்க, வாரண்டி போயிடும். போதாக்குறைக்கு குறிய நகத்தற திருகு, டரெட்டும் மக்கர். 1 கிளிக்குக்கு 100 கஜத்துல கால் இன்ச் நகரணும், 8 கிளிக் திருப்பினா முக்கால் இன்ச்தான் வருது.

கம்பெனிக்கு அனுப்புனேன், "கோளாறு எதுவும் இல்ல"ன்னு அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க. செம கடுப்பு. அடுத்த தடவ ஸ்கோப்ப ரைஃபிள்ல புடிச்சிருக்கற ரிங்கெல்லாம் கழட்டி வச்சுட்டு, ஓட்டை விழுந்த டார்கெட் பேப்பர்லயே எத்தன கிளிக், எவ்ளோ நகந்துச்சுன்னு பேனால எழுதி, ஆவி தெரியற போட்டோவோட பொட்டிக்குள்ள வச்சேன். பில்லும் வச்சேன், அத தேடி எடுக்கறதுக்குள்ள வீட்ல ஒரு சண்டையே வந்துச்சு. 3 வாரத்துல புது பீஸே வந்துச்சு. முறுக்கு அளவு காட்டற டார்க் ரெஞ்ச் வச்சு ஸ்க்ரூவ அளவா முடுக்கி, மொதல்ல 25 கஜம், அப்புறம் 100ல ஜீரோ பண்ணேன், அதாவது குறி வச்ச எடத்துலயே தோட்டா விழற மாதிரி சரி பண்ணேன். தோட்டா செலவு மட்டும் என் தலைல.