பெரிய கையை ஒளித்து வைக்காதீர்கள்: ஹோல்டம் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்ககத்தில் சனிக்கிழமை இரவுதோறும் ஒரு மேசை கூடுகிறது. தொடங்கிய காலத்தில் என் வயதுக்காரர்கள் நால்வர் மட்டுமே இருந்தோம். இப்போது நண்பர்களின் பிள்ளைகளும் சேர்ந்து எட்டுப் பேராகிவிட்டோம். ஆடுவது நோ லிமிட் ஹோல்டம்: ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு நடுவில், எவ்வளவு வேண்டுமானாலும் பந்தயம் வைக்கக்கூடிய போக்கர். ரிங்கிட் மேசைக்கு வருவதில்லை. சூதாட்ட இடம் நடத்துவதை 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டம் தடுக்கிறது. எனக்கும் அந்த ஆசை கிடையாது. ஆளுக்கு 10,000 மதிப்புள்ள பிளாஸ்டிக் சிப்ஸ். இரவு முடிந்ததும் எல்லோரும் கீழே மாமாக் கடைக்குப் போய் தே தாரேக் குடித்துவிட்டுக் கலைவோம்.

காசு இல்லை என்பதற்காக நான் இந்த ஆட்டத்தை அசட்டையாக நினைப்பதில்லை. இருபது ஆண்டுகளாகப் படித்தும் ஆடியும் கற்றது இது. இளைஞர்கள் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் நானே செய்தவை. அவற்றை மறுபடியும் கண்ணெதிரே பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை.

ஃபிளஷ் (ஐந்தும் ஒரே ரகம்) பெரியதா ஸ்ட்ரைட் (அடுத்தடுத்த ஐந்து சீட்டு) பெரியதா என்று குழம்புவது, தன் முறை வருமுன் பேசிவிடுவது, சீட்டை அடுத்தவர் கண்ணில் படும்படி தூக்கிப் பிடிப்பது போன்றவை நான்கு வாரத்தில் தாமாகவே போய்விடும். அவற்றை இங்கே எழுதவில்லை. ஆண்டுக்கணக்கில் போகாமல் ஒட்டிக்கொள்ளும் தவறுகளே என் கவலை.

ஏஸ் ஜோடியை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது

சென்ற மாதம் நடந்ததைச் சொல்கிறேன். பிளைண்ட், அதாவது சீட்டு வருமுன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை, 50, 100. ஆறு பேர் ஆடுகிறோம். முதலில் பேச வேண்டிய இடத்தில் நண்பரின் மகன் உட்கார்ந்திருக்கிறான். கையில் இரண்டு ஏஸ். ஏற்றிக் கேட்காமல் வெறும் 100 வைத்து கால் செய்தான், அதாவது இருக்கிற தொகைக்கு ஈடு மட்டும் கட்டினான். அவனுக்குப் பின்னால் மூவரும் 100 வைத்தார்கள். சிறிய பிளைண்ட் மீதி 50 சேர்த்தது. பெரிய பிளைண்டில் இருந்தவர் ஒன்றும் சேர்க்காமல் செக் என்றார். நடுவில் 600, ஆறு பேரும் உள்ளே.

ஃபிளாப்பில், அதாவது நடுவில் விழும் முதல் மூன்று பொதுச் சீட்டில், 9, 8, 4. பையன் செக். எல்லோரும் செக். நான்காவது சீட்டான டர்னில் 6. பெரிய பிளைண்ட் 400 வைத்தார். அப்போதுதான் பையன் விழித்துக்கொண்டு 1,500க்கு ஏற்றினான். அவர் ஆல் இன் என்றார். இவன் ஒரு நொடிகூட யோசிக்காமல் எல்லாவற்றையும் உள்ளே தள்ளினான். அவர் திருப்பிக் காட்டியது 7-5. ஐந்திலிருந்து ஒன்பது வரை ஸ்ட்ரைட். கடைசிச் சீட்டான ரிவரில் எது வந்தாலும் பையனுக்கு மீட்சி இல்லை.

"ஏஸ் ஜோடியே தோற்கிறது மாமா, எனக்கு ராசியே இல்லை" என்றான்.

எனக்குக் கோபம் வருவது அந்த வார்த்தையில்தான். ராசிக்கு இதில் என்ன வேலை? 300 கேட்டிருந்தால் 7-5 என்ற கை அந்த ஆட்டத்திலேயே இருந்திருக்காது. ஃபிளாப்பிலாவது 400 வைத்திருந்தால் அவர் சீட்டை மடித்து விலகியிருப்பார்; அவருக்குத் தேவைப்பட்டது 6 மட்டுமே, பார்க்காத 47 சீட்டில் நான்கு. அந்த நான்கில் ஒன்று வருகிறதா என்று காசில்லாமல் பார்க்க அனுமதித்தது இவன்தான்.

எண்ணைப் பாருங்கள். எந்த இரண்டு சீட்டாகவும் இருக்கக்கூடிய ஒரே ஒரு கை எதிரில் இருந்தால், ஏஸ் ஜோடி கடைசிவரை போய் 100க்கு 85 முறை வெல்லும். எதிரில் இரண்டு கை என்றால் 73. மூன்று என்றால் 64. நான்கு என்றால் 56. ஐந்து என்றால் 49. ஆட்டத்திலேயே மிகப் பெரிய கையை, வெறும் 100 வைத்ததால், பாதிக்கும் குறைவான வாய்ப்புள்ள கையாக அவனே ஆக்கிக்கொண்டான்.

பிள்ளைகள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஒரு காரணம், ஏஸ் ஜோடி அரிதாக வருவது. 221 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் சராசரியாகக் கிடைக்கும். மணிக்கு 30 ஆட்டம் நடக்கிற மேசையில் ஏழு மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் காத்திருந்து கையில் கிடைத்ததை ஏற்றிக் கேட்டு, எல்லோரும் மடித்துவிட்டு, வெறும் 150 பிளைண்டோடு முடிந்துவிட்டால் வீணாகிவிட்டதே என்ற பதற்றம்.

இன்னொரு காரணம் நம் ஊருக்கே உரியது. இங்கே வளர்ந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் சீன நண்பர்கள் வீட்டுப் பெருநாள் விருந்திலும் முதலில் பழகுவது சோ டாய் டி என்ற சீட்டாட்டம். அதில் 2தான் பெரிய சீட்டு. அதைச் சரியான நேரம் வரும்வரை கைக்குள் வைத்திருப்பவரே கெட்டிக்காரர். ஆனால் அதில் பதின்மூன்று சீட்டும் தொடக்கத்திலேயே கைக்கு வந்துவிடுகின்றன. பிறகு யாருக்கும் புதிதாக ஒன்றும் வராது. நீங்கள் ஒளித்து வைத்த 2 கடைசியிலும் அதே 2தான். ஹோல்டமில் நடுவில் இன்னும் ஐந்து சீட்டுகள் விழ வேண்டியிருக்கின்றன. ஒவ்வொரு சீட்டும் எதிராளிக்கு உங்களைத் தாண்டிப் போக ஒரு வாய்ப்பு. அங்கே பழகிய பொறுமை இங்கே கழுத்தை அறுக்கிறது.

நானும் அப்படித்தான் அறுபட்டேன். பத்து ஆண்டுகளுக்கு முன் மணிலாவில் ஒரு போட்டிக்குப் போனேன். வேலையில் மூன்று நாள் விடுப்பு, நான்கு மணி நேர விமானப் பயணம், நுழைவுக் கட்டணத்துக்கு ஓராண்டுச் சேமிப்பு. இரண்டாவது மணி நேரத்தில் ராஜா ஜோடி கிடைத்தது. பதுங்கினேன். ஐந்து பேர் உள்ளே வந்தார்கள். ஃபிளாப்பில் ஏஸ் விழுந்தது. கையில் ராஜா ஜோடி இருக்கும்போது ஃபிளாப்பில் ஏஸ் விழுவது 100க்கு ஏறக்குறைய 23 முறை நடக்கும், அதில் வியப்பில்லை. என்னை வீழ்த்தியவர் கையில் ஏஸ்-3 இருந்தது. மூன்று பெரிய பிளைண்ட் அளவுக்கு நான் ஏற்றியிருந்தால் அவர் அந்தக் கையோடு வந்திருக்கவே மாட்டார் என்று அவரே பிறகு சொன்னார். மீதி இரண்டு நாள் அந்த ஊரில் எனக்கு வேலையே இல்லை. அந்த ஏஸ்-3 இன்றும் என் கண்முன் நிற்கிறது.

"ஒளித்தால் நிறையக் கிடைக்குமே" என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. எதிரில் ஒரே ஒருவர், பெரிய பிளைண்டில் இருப்பவர். நீங்கள் 300 கேட்கிறீர்கள், அவர் சேர்ந்துகொள்கிறார். நடுவில் 650. ஃபிளாப்பில் 430, டர்னில் 1,000, ரிவரில் 2,300. ஒவ்வொரு முறையும் குவியலில் மூன்றில் இரண்டு பங்கு அளவே வைக்கிறீர்கள். அவர் கடைசிவரை வந்து தோற்றால் உங்களுக்கு மிஞ்சுவது 4,080. அதே சீட்டு, அதே ஆள். இம்முறை வெறும் 100 வைத்து, ஃபிளாப்பில் செக் சொல்லி, டர்னில் 170, ரிவரில் 400 வைக்கிறீர்கள். மிஞ்சுவது 720. குவியல் பெருக வேண்டுமென்றால் முதல் சுற்றிலேயே பெருகத் தொடங்க வேண்டும். கடைசியில் திடீரென்று பெரிதாக வைத்தால் யாரும் வரமாட்டார்கள். வருபவர் உங்களைவிடப் பெரிய கையோடு வருவார்.

எனவே ஏஸ், ராஜா, ராணி ஜோடி கிடைத்தால் மூன்று பிளைண்ட் அளவு கேளுங்கள். உங்களுக்கு முன்னால் வெறுமனே 100 வைத்து உள்ளே வந்தவர் ஒவ்வொருவருக்கும் இன்னொரு பிளைண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் மடித்தால் மடிக்கட்டும்.

ஒளிப்பதற்கு இடமே இல்லையா? இருக்கிறது. 8 ஜோடி வைத்திருக்கிறீர்கள், ஃபிளாப்பில் 8-8-ராஜா விழுகிறது. இனி உங்களைத் தாண்டிப் போவது அநேகமாக நடக்காத காரியம். அப்போது எதிராளிக்கு ஏதாவது கிடைக்கட்டும் என்று ஒரு சுற்றுக் காத்திருக்கலாம். அல்லது, யாராவது செக் சொன்னாலே பாய்ந்து பந்தயம் வைக்கிற ஆள் எதிரில் தனியாக இருக்கிறார் என்றால் காத்திருக்கலாம். ஆறு பேர் உள்ளே இருக்கும்போது வெறும் ஒரு ஜோடியை ஒளிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

"இரண்டும் ஒரே ரகம், அதனால் வந்தேன்"

இதை வாரம் மூன்று முறை கேட்கிறேன். ராணி-4, இரண்டும் இஸ்பேட். ஒரே ரகத்தில் இரண்டு சீட்டு இருந்தால் ரிவருக்குள் ஃபிளஷ் அமைவது 100க்கு ஆறு முறை சொச்சம். ஃபிளாப்பிலேயே அமைவது 119க்கு ஒருமுறை. ஒரே ரகம் என்பது நல்ல கையை இன்னும் கொஞ்சம் நல்லதாக்கும். கெட்ட கையை நல்லதாக்காது.

இதோடு சேர்த்து 10-2 பற்றியும் சொல்லிவிடுகிறேன். டாயில் பிரன்சன் 1976, 1977 இரண்டு ஆண்டுகளிலும் லாஸ் வேகாஸில் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றார். இரண்டு முறையும் கடைசி ஆட்டத்தில் அவர் கையில் இருந்தது 10-2. அந்தச் சீட்டுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எங்கள் மேசையில் ஒரு பையன் 10-2ஐ மடிப்பதே இல்லை. இறுதி மேசையில் இருவர் மட்டும் மிஞ்சியிருக்கும்போது பெரும்பாலான கைகளை ஆடியாக வேண்டும். எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் முதல் ஆளாகப் பேசும்போது அந்தக் கதை எதற்கும் உதவாது.

ஏஸோடு ஒரு குட்டிச் சீட்டு

ஏஸ்-5க்கு ஏஸ் விழுந்தால், அதற்காகப் பெரிதாகப் பணம் வைக்கிற எதிராளியிடம் ஏஸ்-ராஜாவோ ஏஸ்-ராணியோ இருக்கும். சிறிய குவியலை வெல்வீர்கள், பெரிய குவியலைத் தோற்பீர்கள்.

விலை கேட்காமல் ஃபிளஷைத் துரத்துவது

நான்கு ஆர்ட்டின் சேர்ந்துவிட்டது, ஐந்தாவது வேண்டும். மீதி இருப்பவை ஒன்பது. அடுத்த ஒரு சீட்டில் அது வருவது ஏறக்குறைய ஐந்தில் ஒருமுறை. நடுவில் 600 இருக்கிறது, எதிராளி 300 வைக்கிறார். 900ஐ வெல்ல நீங்கள் 300 தர வேண்டும். நான்கில் ஒருமுறையாவது வந்தால்தான் கட்டும். ஐந்தில் ஒருமுறை வருவதற்கு அது அதிக விலை. ஃபிளஷ் அமைந்த பிறகு எதிராளி இன்னும் நிறையத் தருவார் என்று உறுதியாகத் தோன்றினால் மட்டும் போகலாம்.

மனக்கணக்கு எளிது. உங்களுக்கு உதவும் சீட்டுகளை எண்ணி, ஒரு சீட்டு வர வேண்டியிருந்தால் இரண்டால் பெருக்குங்கள். டர்ன், ரிவர் இரண்டையும் பார்க்கப்போவது உறுதி என்றால் நான்கால் பெருக்குங்கள். கிடைப்பது ஏறக்குறைய சதவீதம். பலர் இந்த நான்கைத் தவறாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஃபிளாப்பில் 36 என்று கணக்குப் போட்டு கால் செய்கிறார்கள். டர்னில் எதிராளி மறுபடியும் பெரிதாக வைத்ததும் மடித்துவிடுகிறார்கள். பார்க்காத ரிவருக்கும் சேர்த்து விலை கொடுத்தாயிற்று. ஃபிளாப்பிலேயே ஆல் இன் ஆகிவிட்டால்தான் நான்கு. மற்ற நேரங்களில் பெரும்பாலும் இரண்டு.

முதலில் பேசும் இடத்தில் கடைசி இடத்துக் கைகளை ஆடுவது

பட்டன் எனப்படும் கடைசி இருக்கையில் இருப்பவர் மற்ற எல்லோரும் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசுகிறார். முதலில் பேசுபவர் இருட்டில் பேசுகிறார். 9-8, ராஜா-10 போன்ற கைகளைப் பட்டனில் ஆடுங்கள், முன்னிருக்கையில் மடியுங்கள்.

"ஏற்கெனவே இவ்வளவு போட்டுவிட்டேனே"

நடுவில் விழுந்த சிப்ஸ் உங்களுடையதல்ல.

மடிக்கத் தெரியாதவரிடம் பிளஃப்

வெற்றுக் கையோடு பெரிதாக வைத்து மிரட்டுவது வேண்டாம். எந்த அளவிலும் வேண்டாம்.

தோற்ற சூட்டில் அடுத்த ஆட்டம்

ஏஸ் ஜோடியில் எல்லாவற்றையும் இழந்த அந்தப் பையன், மறுபடி சிப்ஸ் வாங்கி அடுத்த மூன்று ஆட்டத்தையும் சீட்டைச் சரியாகப் பார்க்காமலே ஏற்றினான். இருபது நிமிடத்தில் மறுபடியும் காலி. அன்றிலிருந்து எங்கள் மேசையில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: கையிலிருக்கும் எல்லாவற்றையும் இழந்தவர் பத்து நிமிடம் மேசைக்கு வரக்கூடாது. அவர் மின்தூக்கியில் இறங்கி, மாமாக் கடையில் எட்டுப் பேருக்கும் தே தாரேக் சொல்லிக் கட்டி வாங்கி வர வேண்டும். சனிக்கிழமை இரவு அந்தக் கடையில் பத்து நிமிடத்தில் எட்டு தே தாரேக் கிடைக்காது. கால் மணி நேரமாவது ஆகும். அவ்வளவு நேரம் போதுமானதாக இருக்கிறது.