ஒரு ஏரியா மட்டும் ஏன் இவ்ளோ ஆரோக்கியமா இருக்கு?
இங்கிலாந்துல லீட்ஸ் யூனிவர்சிட்டில தீசிஸ் பண்றப்போ 2011 சென்சஸ் டேபிளையும் இங்கிலாந்து ஹெல்த் சர்வேயையும் சேத்து, சுமாரா 1,500 பேர் இருக்கற குட்டி குட்டி ஏரியாவுக்கு சர்வேல பதில் சொன்னவங்களையே சென்சஸ் எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி காப்பி எடுத்து கம்ப்யூட்டர்லயே ஜனங்கள உருவாக்கி யார் யாருக்கு நாள்பட்ட நோய்னு கணக்கு போட்டேன். ஒரு ஏரியால மட்டும் சென்சஸ் சொல்றத விட ரொம்ப கம்மியா வந்துச்சு. ரெண்டு வாரம் நான் எழுதுன கம்ப்யூட்டர் கோட் மேலதான் தப்புன்னு திட்டிட்டு இருந்தேன்... கடைசில பாத்தா அங்க ரெண்டு முதியோர் இல்லம்! சென்சஸ்ல இல்லத்துல இருக்கறவங்களும் உண்டு, ஆனா சர்வேல வீடுகள்ல இருக்கறவங்கள மட்டும்தான் கேப்பாங்க, அதனால மாடல் என்ன பண்ணிருக்குன்னா, வீட்ல தானா நடமாடற 80 வயசு பாட்டியவே திரும்பத் திரும்ப காப்பி எடுத்து அந்த ஏரியாவ ரொப்பிருக்கு. சென்சஸ்லயும் வீட்ல இருக்கறவங்க மட்டும் உள்ள டேபிளா மாத்துனேன், சரியாயிடுச்சு. இல்லத்துல இருக்கறவங்களுக்கு தனியா கணக்கு போடணும், அத இன்னும் தொடல.